ஊர்வலக் காரின் பின்கதவு

பின்சீட்டில் மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் சட்டையிலும் நடுவர் என்பதற்கு அடையாளமாக ரிப்பன் பூ குத்தியிருந்தது. மச்சான் சிரித்த முகத்தோடு பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை. அதே சிரிப்போடு இன்னொரு தடவை இழுத்தார். வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்துக் கதவை இழுத்தார். அதுவும் வரவில்லை.

சித்திரை மாத வெயில். மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையில் ஐஸ் குச்சியோடு கூட்டம். சப்பென்று உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மச்சான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நடுவர்கள் வந்தால் எல்லாவற்றையும் மச்சானே பேசுவது, நான் பின்னால் நின்றுகொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் குஷன் கடையில் நான் ரெக்ஸின் தைக்கப் பழகியதைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு அக்கா, "ஊசி நூலையெல்லாம் எழுதுற, அந்தக் காரை எழுத மாட்டியாக்கும்?" என்று கேட்டாள். அதனால் இந்த வாரம் கார்.

பம்பாய்க்குப் போகிற பை

என் அக்கா பாக்கியத்தின் வீட்டுக்காரர் வேலுச்சாமி. ஆனையூர்க்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அக்காவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

மாமியார் வீட்டில் இருப்பது அவருக்கு முள்மேல் இருப்பதுபோல. சாப்பிட உட்கார்ந்தால் ரெண்டாவது தடவை சோறு கேட்க மாட்டார். அம்மா அள்ளிக்கொண்டு வந்தால் கையை இலைக்கு மேலே விரித்து மறைப்பார். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. விரலுக்கு இடையில் போட்டுவிடுவாள்.

பம்பாயில் அவருடைய சித்தப்பா மகன் இருந்தான். "இங்க வந்துரு, வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான். மச்சான் ஒரு பை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். பை வெறும் பைதான். அதில் ஒன்றுமில்லை. ஆனால் அக்கா அந்தச் சுவரைப் பார்த்துப் படுக்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் முத்தையா அண்ணன் ஒரு பேச்சுப் போட்டார். அவர் கல்யாணப் பந்தல் போடுகிறவர். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, மேளம், காஸ் லைட்டு எல்லாம் வைத்து ஊர்வலம் விடுவது அப்போது பெரிய கௌரவம். மதுரையில் திறந்த கார் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். ஒரே முகூர்த்தத்தில் பல கல்யாணம் வந்தால் அடிதடிதான்.

"நீ ஒரு ஊர்வலக் கார் பண்ணு வேலு. சித்திரையில மைதானத்துல கார் போட்டி வைக்கிறாக. கைவேலையா மாத்துன வண்டிக்குத் தனிப் பிரிவு இருக்கு. அங்க நாலு பெரிய மனுசங்க பார்த்து நல்ல வண்டின்னு சொல்லட்டும். வைகாசி, ஆனி முகூர்த்தம் பூராம் உனக்குத்தேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா எனக்கு என்னத்துக்குடா? மாப்ள வீட்டுக்காரன் என் சட்டையையில்ல பிடிப்பான்?"

மச்சான் அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம், "போட்டி வரைக்கும் பாப்பேன். வண்டி தேறலைன்னா பம்பாய்" என்றார். அக்கா மறுநாள் காலையில் மச்சானுக்கு முன்னால் எழுந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடுகளை எடுத்து வாசலில் வைத்தாள்.

அடைகோழி

கார் அலங்காநல்லூருக்கு அங்கிட்டு ஒரு தோட்டத்தில் கிடந்தது. யாரோ எப்போதோ வெளிநாட்டிலிருந்து இறக்கியது. முன்னாலிருந்த பெயர்ப்பட்டை கழன்று போயிருந்ததால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். தோட்டக்காரர் அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அவர் சம்சாரம் சம்மதிக்கவில்லை. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"குஞ்சு பொரிச்சதும் எடுத்துக்கங்க" என்றது அந்த அம்மா.

"கோழியை அலுங்காம ஒரு கூடையில வச்சுரலாமே, ஆத்தா?"

"உங்களைப் பிரசவத்துல பாதியில தூக்கிட்டுப் போயி வேற ஆஸ்பத்திரியில போட்டா சும்மா இருப்பியளா?"

காத்திருந்தோம். குஞ்சு பொரித்த பிறகு ரெண்டு மாட்டைப் பூட்டி வண்டியை ரோடு வரைக்கும் இழுத்துக் கொடுத்தார்கள். தாய்க்கோழி கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தது. அந்த அம்மா எங்களைத் திட்டுவதா வழியனுப்புவதா என்று தெரியாமல் கையை ஆட்டியது.

பின்சீட்டு பூராவும் கோழி எச்சம். அதைக் கழற்றி வீசிவிட்டு, சீட்டை முழுக்க நானே புதிதாகத் தைத்தேன். சிவப்பு ரெக்ஸின். முழு ரெக்ஸின் வாங்க வழியில்லை. கடையில் பஸ் சீட்டுக்கு வெட்டியதுபோக விழுகிற துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தாமரை இதழ்போல ஒட்டு வைத்துத் தைத்தேன். ஒட்டுப் போட்டது தெரியக் கூடாதென்று இதழ். இதழ் வந்ததால் அது அலங்காரமாகிவிட்டது. உள்ளே தேங்காய் நாரும் பழைய ஸ்பிரிங்கும்.

என் வாழ்க்கையில் நான் தைத்த நல்ல சீட்டுகளில் அது ஒன்று. அதில் யாராவது உட்கார்ந்து "நல்லாருக்கு" என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. ஆனால் ஒருவரும் உட்காரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாலை போட்ட ஆள்

காரணம் இருந்தது. ஊர்வலக் கார் என்றால் மங்கல காரியத்துக்கு உள்ளது. அதன் பின்சீட்டில் முதன்முதலாக உட்காருகிறவன் கழுத்தில் மாலை போட்ட கல்யாண மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். வேறு ஆள் உட்கார்ந்தால் சீட்டு விளங்காது. இது அம்மாவின் சட்டம். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ரெண்டு சட்டம் வரும்.

"அத்தே, கோழி ஏற்கனவே உட்கார்ந்துருச்சே" என்றார் மச்சான்.

"அது பழைய சீட்டு. இது புதுச் சீட்டு" என்றாள் அம்மா.

அதனால் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் முன்னால் மச்சானும் நானும் மட்டும் உட்காருவோம். திண்டுக்கல் ரோட்டில் போய்விட்டு வருவோம். பின்சீட்டின் மேல் அம்மாவின் பழைய சேலை ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கும். குழந்தை அந்தச் சேலையைத் தொட்டால்கூட அடி.

கூரையை அறுத்தது

திறந்த கார் என்றால் கூரை போக வேண்டும். மச்சான் அதை ஆக்ஸா பிளேடாலும் உளியாலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். கூரை கழன்று வந்தபோது தெருவே கை தட்டியது. அந்தக் கூரை பிறகு வெகுகாலம் எங்கள் விறகுக் குவியலுக்கு மூடியாகக் கிடந்தது.

பஸ்ஸில் வேலை பார்த்தவர் மச்சான். பஸ்ஸுக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடும். பாரம் எல்லாம் அதன் மேல்தான். மேலே கட்டுகிற கூடு மழைக்கு ஒதுங்குகிற குடை மாதிரி. எடுத்தாலும் வண்டி நிற்கும். இந்தக் காரும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்தேன். இந்தக் காரில் அடிச்சட்டம் தனியாகக் கிடையாது. கூரை, கதவுத் தூண், தரைத் தகடு எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்கும். அது எங்களுக்குத் தெரியாது.

ஒரு தடவை மட்டும் ஒரு சின்ன விஷயம் நடந்தது. சீட்டுச் சட்டத்தை உள்ளே இறக்கியபோது அது இறுக்கிக்கொண்டது. வண்டிக்கு நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "ஏதோ ராசி" என்று மச்சான் சொன்னார். அதோடு மறந்துவிட்டோம்.

பேர் வெட்டின தட்டு

போட்டி நெருங்க நெருங்க வீடே பட்டறையாகிவிட்டது. சக்கரத்து நடுவில் பளபளவென்று ஒரு மூடி வருமே, அது நாலில் ஒன்றுகூட இல்லை. அக்கா தன் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகளில் நாலை எடுத்து வந்து கொடுத்தாள். குப்புறக் கவிழ்த்துப் பொருத்தினால் அளவு அச்சாகச் சரியாக இருந்தது. ஒரே குறை, தட்டின் அடியில் மொய் வைத்தவர்களின் பேர் வெட்டியிருந்தது.

"தேய்ச்சுருவோம்" என்றேன்.

"தேய்ச்சா சின்னம்மாக்காரி கோவிச்சுக்கும். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா.

பம்பருக்கு நிக்கல் பூச முடியாது. வெள்ளிப் பெயிண்ட் அடித்தோம். டயருக்குக் கறுப்பு பூட் பாலிஷ். உடம்புக்குக் கீழே அரக்குச் சிவப்பு, மேலே பாலாடை நிறம். பெயிண்ட் அடித்த அன்று தெருவில் புழுதி பறக்கக் கூடாதென்று அம்மா வாசலுக்கு ரெண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வேறு பாதையில் அனுப்பினாள். அவர், "என்னத்தா, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விசேஷம்தான். காய்ந்த பிறகு பார்த்தால் பாலாடை நிறத்தில் ஒரு ஈ மட்டும் ஒட்டியிருந்தது. மச்சான் அதை நகத்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதுபோல.

மைதானத்தில்

நடுவர்கள் மூன்று பேர். பழைய கார்கள் வைத்திருக்கும் ஒரு பருத்த டாக்டர். தொழில் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியார். பஸ் டிப்போ ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அவருக்கு வெள்ளை மீசை. எதையும் தொட்டுப் பார்க்காமல் பேச மாட்டார்.

எஞ்சினைப் பார்த்தார்கள். பெயிண்டைப் பார்த்தார்கள். வாத்தியார் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "சின்னம்மாள், சோழவந்தான்னு போட்டிருக்கே, இது எந்தக் கம்பெனி?" என்றார்.

"எங்க சின்ன மாமியார்ங்க" என்றார் மச்சான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. எனக்கு மூச்சு வந்தது. கூட்டத்தில் முத்தையா அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் அம்மா, அக்கா, அக்காவின் இடுப்பில் குழந்தை.

அப்போது டாக்டர், "ஊர்வல வண்டிங்கிறீங்க. உட்கார்ந்து பார்க்காம மார்க் போடலாமா?" என்றார்.

மச்சான் அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என்ன செய்ய முடியும்? மச்சான் சீட்டின் மேல் விரித்திருந்த சேலையை விலக்கினார். மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். என் சிவப்பு இதழ்களின் மேல் டாக்டர் ஒரு தரம் குலுங்கிப் பார்த்துவிட்டு, "அடடா" என்றார். அந்த அடடா எனக்குக் கிடைத்த முதல் பரிசு.

ஒரு சுற்று வந்து நிறுத்தினார் மச்சான். இறங்கி வந்து கதவைத் திறந்தார். அதாவது, திறக்கப் பார்த்தார்.

நடுவுல

கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. "ஒரு மாலையைப் போடுங்கப்பா! அப்படியே ஊர்கோலம் போகட்டும்!"

சிரிப்பு கிளம்பியது. இப்போது நல்ல சிரிப்பு இல்லை. முத்தையா அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வண்டியைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்குகிற பை அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது.

டாக்டர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கதவுக்கு மேல் காலைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. "காலையில இட்லியைக் குறைச்சிருக்கணும்" என்றார்.

மீசைக்காரர், "பஸ்ஸு ஜன்னல் வழியா ஏறி இடம் பிடிச்ச ஆளு நான்" என்று சொல்லிக்கொண்டே ஒரே தாவில் வெளியே குதித்தார். அவர் இறங்கியதும் வண்டி ஒரு முனகல் முனகியது. அவர் கதவுக்கு மேல் விரலை ஓட்டினார்.

அந்த முனகலில்தான் எனக்குச் சீட்டுச் சட்டம் வழுக்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. யோசித்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டேன். யோசிக்கவில்லை. டிக்கியைத் திறந்தேன். ஜாக்கியை எடுத்தேன். புதுச் சட்டையோடு மண்ணில் படுத்துவிட்டேன்.

மீசைக்காரர் என் பக்கத்தில் குந்தினார். "எங்க வைக்கப் போற?"

"நடுவுல" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது.

"சரியான இடம். அங்கதேன் பாரத்துல தொய்ஞ்சு கதவைக் கவ்வுது. வை. திருகு, நான் கதவைப் பாக்குறேன்."

திருகினேன். கையில் பூட் பாலிஷும் வேர்வையும் கலந்து வழுக்கியது. இன்னும் கொஞ்சம் திருகினேன். தலைக்கு மேலே டக்கென்று ஒரு சத்தம். வெயில் என் முகத்தில் விழுந்தது. கதவு திறந்துவிட்டது.

டாக்டரின் செருப்பு முதலில் இறங்கியது. பிறகு வாத்தியாரின் செருப்பு. கூட்டம் கை தட்டியது. நான் அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அங்கே நிழலாக இருந்தது.

மீசைக்காரர் மச்சானைத் தனியே கூப்பிட்டார். "பஸ்ஸு வேலை பாத்த ஆளா?"

"ஆமாண்ணே."

"நானும் மொதல்ல ஒரு காரை இப்படித்தேன் அறுத்தேன். மூணு மாசம் கதவைக் கயித்தால கட்டி ஓட்டுனேன். அடியில ரெண்டு பக்கமும் முன்னால இருந்து பின்னால வரைக்கும் கனமான சேனல் இரும்பு குடுத்து வெல்டு வையி. குறுக்கே ஒண்ணு போடு. அப்புறம் யானையே ஏறினாலும் கதவு திறக்கும்."

முதல் பரிசு வேறு வண்டிக்குப் போனது. எங்களுக்குக் கைவேலைக்கென்று ஒரு பாராட்டுக் கோப்பை கொடுத்தார்கள். மேடைக்கு மச்சான் போனார். முகம் மட்டும் செத்திருந்தது. அவர் பார்வையெல்லாம் முத்தையா அண்ணன் மேல்.

கண்டம் கழிந்தது

முத்தையா அண்ணன் நேரே வந்தார். மச்சான், "அண்ணே, வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பேசாத. இதே கதவு மேலமாசி வீதியில மேளத்துக்கு நடுவுல மாட்டியிருந்தா? உள்ள மாப்ள, வெளிய பொண்ணோட அண்ணன் ஆரத்தி நேரமாச்சுன்னு கத்துறான்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லவேளை, இங்க மாட்டுச்சு" என்றார் முத்தையா அண்ணன். "அந்த மீசைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தேன் வந்தேன். இரும்பைக் குடு. என் பந்தக்கால் ஊண்டுற தடியனுங்களை ஏத்தி ஊர் சுத்து. கதவு தெறந்துச்சுன்னா வைகாசி உன்னுதுதேன்."

மச்சான் என் தோளில் கையைப் போட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் சீட்டைப் பற்றி ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். விளாங்குடி வந்ததும் சொன்னாள்: "விடு. வந்த கண்டம் அந்த மூணு பேரோட போயிருச்சு."

இரும்பு கொடுத்து வெல்டு வைத்து முடித்த அன்று காலை. பந்தல்காரர்கள் வருவதற்கு முன்னால் அம்மா கையில் ரெண்டு கதம்ப மாலையோடு வெளியே வந்தாள். எப்போது வாங்கினாள் என்று யாருக்கும் தெரியாது.

அக்கா கல்யாணம் அழகர்கோவிலில் நடந்தது. அப்பா இறந்த வருஷம். மேளம்கூட இல்லை. தாலி கட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். மச்சான் ஒரு நாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அம்மா மறக்கவில்லை போலிருக்கிறது.

"ஏறுங்க" என்றாள் அம்மா.

"என்னத்தே இது, வேலை கிடக்கு..."

"ஏறுங்கன்னா ஏறுங்க. மாலை போட்ட ஆளு உட்கார்ந்த பிறகுதேன் மத்தவன்."

மச்சான் கைலி கட்டியிருந்தார். கையில் கிரீஸ். அப்படியே ஏறினார். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்தான் ஓட்டினேன். திண்டுக்கல் ரோட்டில் மெதுவாகப் போனேன். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, "வேலுவுக்கு இன்னொரு கல்யாணமாடா?" என்று கத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். மச்சான் சீட்டில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மச்சான் கைப்பிடியில் கையை வைத்தார். எனக்கு மறுபடியும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

டக்.

கதவு வெண்ணெயாகத் திறந்தது. மச்சான் ஒரு காலைக் கீழே வைத்தார்.

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எட்டிக் கதவைச் சாத்தினாள்.

"அதான் தெறக்குதுல்ல" என்றாள். "தம்பி, இன்னொரு ரவுண்டு போ."